மார்க் இல்லாத வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாடவேளை முழுக்க எங்கள் தமிழ் வகுப்பில் பாடநூலைத் திறப்பதில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிடித்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். நாற்காலி, தரை, என் மேசைக்கு அடியில் என்று எங்கே இருந்தாலும் சரி. பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிடலாம். போன வாரம் படித்ததையே இந்த வாரமும் படிக்கலாம். வெறும் படம் பார்க்கலாம். முடித்ததும் எதுவும் எழுதித் தரவேண்டாம்.

இந்தக் கடைசி விதிதான் பெற்றோர் சந்திப்பில் அடிக்கடி பேச்சுக்கு வரும். "எழுதறதில்ல, மார்க் இல்ல, அப்புறம் அது எப்படி டீச்சர் பாடமாகும்?" என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் மகன் தொடக்கநிலை 4. இன்னும் இரண்டு வருடத்தில் பிஎஸ்எல்இ, அதாவது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வு. வெளியே அடுத்த பெற்றோர் காத்துக்கொண்டிருந்ததால் அன்றைக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னேன். இங்கே அவசரமில்லை.

முதலில் எங்கள் வகுப்பைப் பற்றி. தீவின் வடக்கே, வீவக எனும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சாதாரணப் பள்ளி. தமிழ் எடுக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நான்கு பேர்தான். தாய்மொழிப் பாடத்துக்கு மணி அடித்ததும் தண்ணீர்ப் போத்தலும் பென்சில் பெட்டியுமாகப் பல வகுப்புகளிலிருந்து கிளம்பி எங்கள் அறைக்கு வந்து சேர்வார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அந்தக் கணக்கின் எல்லா நிறங்களும் என் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஒரு பிள்ளை பாட்டியோடு மட்டும் தமிழ் பேசும்; பாட்டி தங்கியிருப்பதோ பெரியப்பா வீட்டில். இன்னொரு பெண் திருச்சியிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவள் வீட்டில் தமிழ் வார இதழ் கிடக்கும், அம்மாவுக்கு முன்னால் இவள் துணுக்குகளைப் படித்து முடித்துவிடுவாள். மூன்றாவது பையனின் அம்மா தமிழ், அப்பா மலையாளம், வீட்டில் ஆங்கிலம். மூவருக்கும் ஒரே பாடநூல், ஒரே பக்கம், ஒரே நாளில். திருச்சிப் பெண் கொட்டாவி விடுவாள், பாட்டிப் பிள்ளை திணறும், மூன்றாமவன் சன்னலைப் பார்ப்பான்.

இப்படி ஒரு வகுப்பில் புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுப்பது புதுமைக்காகச் செய்யும் காரியம் இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரவர் தரத்துக்குத் தமிழ் படிக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

ஆனால் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்க வேண்டுமே! பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுங்கள் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அலமாரியை மறந்துவிடுகிறார்கள். தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் பலவும் ஒல்லிப் புத்தகங்கள். 16 பக்கம், 24 பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். அவற்றுக்கு முதுகே கிடையாது, அப்புறம் தலைப்பை எங்கே அச்சிடுவது? அலமாரியில் செங்குத்தாக அடுக்கினால் வெளியே தெரிவது வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்தான். பக்கத்துத் தட்டில் ஆங்கிலப் புத்தகங்கள் தடித்த முதுகும் பளபளக்கும் எழுத்துமாக நிற்கும். பிள்ளை அந்தக் கோடுகளில் ஒன்றை உருவும், என்ன வருகிறதோ அதைப் பார்க்கும், திரும்பச் செருகிவிடும். நாம் உடனே கருத்தரங்கு போட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆர்வமே இல்லை என்று பேசிவிட்டு, வடை காப்பி சாப்பிட்டு வீட்டுக்குப் போவோம்.

எங்கள் அறையில் சன்னலோரம் ஒரு கொடிக்கயிறு கட்டியிருக்கிறேன். துணிக்கு மாட்டும் கிளிப்பில் புத்தகங்கள் அட்டை தெரியும்படி தொங்கும். மற்றவை இரண்டு டாலர் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கூடைகளில், முகம் முன்னால் பார்க்க. கூடைகளுக்குப் பெயர் எழுதி ஒட்டியது பிள்ளைகள்: 'சிரிப்பு', 'பாம்பு பூச்சி', 'பறக்கிறது எல்லாம்', 'அழுகை வரும்', 'டீச்சருக்குப் பிடிச்சது'. கடைசிக் கூடையை யாரும் சீண்டுவதில்லை. அதில் உள்ளதை யாராவது படிக்க வேண்டும் என்று நினைத்தால் ரகசியமாக வேறு கூடைக்கு மாற்றிவிடுவேன்.

அட்டையில் ஒட்டியிருக்கும் 'நிலை 1', 'நிலை 2' வில்லைகளை உரித்துவிட்டேன். தொடக்கநிலை 5இல் இருக்கும் பையன், தன்னால் தடையில்லாமல் படிக்க முடிந்த புத்தகத்தில் 'நிலை 1' என்று இருந்தால், செத்தாலும் நண்பன் முன்னால் அதைத் தொட மாட்டான். கூடவே ஒரு சின்னத் தந்திரம்: 'தம்பி தங்கைக்குப் படித்துக் காட்ட' என்று ஒரு கூடை. அதிலிருந்து எடுப்பதில் வெட்கம் இல்லை, அண்ணனுக்குரிய பெருமைதான். வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக இருப்பவர்களும் அதிலிருந்து எடுப்பார்கள். தம்பி எங்கே என்று நான் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் படித்தவர்களுக்குக் காலை நேர மௌன வாசிப்பு நினைவிருக்கும். பள்ளி மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து மணி அடிக்கும்வரை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அதுதான். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து யுஎஸ்எஸ்ஆர் என்போம். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகும் எங்கள் பள்ளிகளில் உடையாமல் நின்ற யுஎஸ்எஸ்ஆர் அது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்கு நான் மௌனம் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பல தமிழ்ச் சொற்கள் காதுக்குத்தான் பழக்கம், கண்ணுக்கு இல்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் அது தெரிந்த சொல் என்பதே தெரியவரும். பாட்டிப் பிள்ளை ஒருநாள் வரியின் மேல் விரலை வைத்து 'சு... வ... ரே... றி' என்று கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை சொன்னாள், ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது தடவை வேகமாகச் சொன்னவள் தலையை நிமிர்த்தி, "ஓ, சுவர் மேல ஏறி!" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு விரல் அடுத்த வரிக்குப் போனது. மௌன வாசிப்பு என்று நான் வாயை மூடச் சொல்லியிருந்தால் அந்தச் சுவர் அவளுக்குக் கடைசிவரை சுவராகியிருக்காது.

அதனால் எங்கள் வெள்ளிக்கிழமை முணுமுணுவென்று ஒரே இரைச்சலாக இருக்கும். பக்கத்து அறை சீன மொழி ஆசிரியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். எல்லாரும் படித்துக்கொண்டிருந்ததால் குழம்பிப் போய்த் திரும்பிவிட்டார்.

இனி, பிள்ளைகள் உண்மையில் எதை எடுக்கிறார்கள் என்பதற்கு வருவோம்.

பெரியவர்கள் நினைப்பதை அவர்கள் எடுப்பதில்லை. உள்ளூர்ச் சூழல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஒட்டும், கிணறும் வரப்பும் புரியாது என்று பலர் சொல்கிறார்கள். உள்ளூர்க் கதைகள் நிறைய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பிள்ளைகள் கிணற்றுக்கெல்லாம் அஞ்சுவதாகத் தெரியவில்லை. கிணற்றுக்குள் ஏதாவது இருந்தால் போதும்; தவளை என்றால் சரி, பேய் என்றால் ரொம்பச் சரி. அவர்கள் அஞ்சுவது கடைசிப் பத்திக்கு. அதுவரை நன்றாக ஓடிவந்த கதை திடீரென்று நின்று, கையைக் கட்டிக்கொண்டு, 'அன்று முதல் அவன் பொய் பேசுவதை விட்டுவிட்டான்' என்று முடியும் பாருங்கள், அதற்கு. ஒரு பையன் ஒவ்வொரு புத்தகத்தையும் என்னிடம் நீட்டி, "டீச்சர், இந்தக் கதையில யாராவது திருந்துவாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பான். ஆமாம் என்றால் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவான். தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

நம் எழுத்தாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புத்தகத்தை வாங்குவது பிள்ளை இல்லை, நாம்தான். நீதி இருந்தால்தான் நாம் காசு கொடுக்கிறோம். பிள்ளை தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால்தான் இது மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் பேருந்துப் பையன். வகுப்பில் அவனை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவனுக்கும் அதில் மகிழ்ச்சி. 858 உட்லண்ட்சிலிருந்து சாங்கி விமான நிலையம் போகும், 170 குவீன் ஸ்திரீட்டிலிருந்து பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூரில் லார்க்கின்வரை போகும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எந்தத் தடத்தில் மாடிப் பேருந்து ஓடும், எதில் ஓடாது என்பதும் தெரியும். தமிழ் என்றால் மட்டும் வாய் இறுகிவிடும். வெள்ளிக்கிழமைகளில் கூடை கூடையாகப் புரட்டிவிட்டு, வாகனங்களைப் பற்றிய ஒரு மெல்லிய படப் புத்தகத்தை எடுப்பான். மழலையருக்கு எழுதியது, பக்கத்துக்கு ஒரு வரி. வாராவாரம் அதே புத்தகம். நான் எதுவும் சொல்லவில்லை, திரும்பப் படிப்பதும் விதியில் இருக்கிறதே. கொஞ்ச நாளில் அந்தப் புத்தகத்தில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தான். "டீச்சர், இதுல பஸ்ஸுக்கு நம்பரே போடல. நம்பர் இல்லாம எப்படி ஏறுவாங்க?"

"நீயே நம்பர் போட்டு ஒண்ணு எழுதேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அடுத்த வாரம் ஏ4 தாள்களை மடித்துப் பின் அடித்துக் கொண்டுவந்துவிட்டான். தலைப்பு '170'. ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறுத்தம். யார் ஏறுகிறார், கையில் என்ன பை, எங்கே இறங்குவார். எல்லைச் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி ஓடுகிறார்கள், ஒரு தாத்தாவால் ஓட முடியவில்லை, பேருந்து போய்விடுகிறது, தாத்தா அடுத்த 170இல் ஏறுகிறார். கதை அவ்வளவுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் உள்ள எங்கள் குடும்பங்களுக்கு அந்தத் தாத்தாவைத் தெரியாமல் இருக்காது. எழுத்துப் பிழைகள் ஏராளம். பொருள் புரியாமல் போகும் இரண்டு மூன்று இடங்களை மட்டும் அவனோடு உட்கார்ந்து சரிசெய்தேன், மற்ற றகர ரகரங்கள் அப்படியே இருக்கின்றன. கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினோம். அந்தத் தவணையில் அதிகம் கை மாறிய புத்தகம் அதுதான். ஓரம் கிழிந்து, ஒட்டுநாடா ஒட்டி, இப்போது இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. தாத்தாவுக்கு அதில் ஒரு பேத்தியும் உண்டு, வாசகர் வேண்டுகோளுக்கு இணங்க.

முடித்ததும் எழுதித் தர வேண்டாம் என்றேன் அல்லவா, ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: "இத யாருக்குக் கொடுக்கலாம்?" கதைச்சுருக்கம் வேண்டாம், உனக்குப் பிடித்த பாத்திரம் எது என்பதெல்லாம் வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கதை புரிந்திருக்க வேண்டும், கூடப் படிப்பவனையும் புரிந்திருக்க வேண்டும். "அவனுக்குக் கொடுக்கலாம் டீச்சர், இதுல நாய் சாகாது." இதைவிடப் பெரிய நூல் மதிப்புரை எனக்குத் தேவையில்லை. பேச்சுத் தமிழில்தான் சொல்வார்கள். 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் கிடைத்தது. அந்த இடத்தை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

நட்சத்திர அட்டை வைக்கலாமே, பத்துப் புத்தகம் படித்தால் ஒரு பரிசு கொடுக்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. மறுநாளே பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து எது மெலிசு என்று எடை போட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் புத்தகங்கள் ஏற்கெனவே மெலிசு.

அந்த அப்பாவுக்கு ஆதாரம் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 1980இல் ஃபிஜித் தீவின் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் வாரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பிள்ளைகளின் வகுப்பறைகளில் ஏறத்தாழ 250 கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். பிள்ளைகள் படித்தார்கள், சில வகுப்புகளில் ஆசிரியரும் சேர்ந்து படித்தார். வழக்கமான பாடமுறையில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்பில் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தப் பயன் எழுத்திலும் இலக்கணத்திலும்கூடத் தெரிந்தது. அதைத்தான் அந்த அப்பாவிடம் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் அவர் கவலை கட்டுரைத் தாளைப் பற்றியது.

சிங்கப்பூருக்கும் இது புதிதல்ல. 1985இல் தொடக்கப்பள்ளிகளின் கீழ்வகுப்புகளில் ஆங்கிலத்துக்காக 'ரீப்' என்ற திட்டம் வந்தது. பெரிய எழுத்துப் புத்தகத்தை வைத்து எல்லாரும் சேர்ந்து படிப்பது, வகுப்பறையில் கதைப் புத்தகங்கள் வைப்பது என்றெல்லாம் அதில் இருந்தது. நான் 1987இல் தொடக்கநிலை 1 சேர்ந்தேன். தரையில் உட்கார வைத்து, எங்கள் உயரத்துக்குப் பாதி இருந்த புத்தகத்தை டீச்சர் பிரித்துக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. மணி அடித்துத் தமிழ் வகுப்புக்குப் போனால் பலகையும் பாடநூலும் மட்டும்தான். அங்கே அலமாரியே கிடையாது. எங்கள் தலைமுறையில் பலர் ஆங்கிலத்தை ஆசையாகவும் தமிழைக் கடமையாகவும் படித்ததற்கு வீட்டுச் சூழல் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் சுதந்திரத்துக்கும் ஒரு மதில் உண்டு. ஆங்கிலப் புத்தகம் கூடாது. "எது வேணா எடுக்கலாம்னு சொன்னீங்களே?" என்று வாதாடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழில் எது வேண்டுமானாலும். அவர்களின் நாளில் ஆங்கிலம் எடுத்துக்கொள்ளாத நேரம் மிகக் குறைவு, அதில் ஒரு பாடவேளையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டு மொழியும் அடுத்தடுத்து இருக்கும் படப் புத்தகம் என்றால் அனுமதி. கண் எங்கே போகிறது என்று நான் பார்ப்பதில்லை.

தொடக்கநிலை 6க்கு இதெல்லாம் சுருங்கிவிடும். வாய்மொழித் தேர்வுக்கு வாய்விட்டு வாசிப்புப் பயிற்சி, காணொளி பார்த்து உரையாடல், பழைய தேர்வுத்தாள்கள். முழுப் பாடவேளை கிடைக்காது. முதல் பத்து நிமிடத்தை மட்டும் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் முணுமுணுத்துப் பழகிய பிள்ளைக்குத் தேர்வாளர் முன்னால் குரல் எழும்பும்.

அந்த அப்பாவிடம் திரும்ப வருகிறேன். "நீங்க சின்ன வயசுல என்ன படிச்சீங்க?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. சிவகாசிக்காரர். 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்த ஊர். அச்சகத்தில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்து கொடுப்பாராம், கணக்கு நோட்டுக்குள் வைத்து மறைத்துப் படிப்பாராம். அதற்கு யாராவது மார்க் போட்டார்களா என்று நான் கேட்பதற்குள் அவரே சிரித்துவிட்டார். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் ஒரு கட்டு பழைய காமிக்ஸோடு வந்தார். வகுப்பில் பெரிய வரவேற்பு என்று சொல்ல முடியாது. பொடி எழுத்து, கறுப்பு வெள்ளை, பலர் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். அவருடைய மகனும்தான். ஆனால் திருச்சிப் பெண்ணும் பேருந்துப் பையனும் ஒரே இதழுக்குச் சண்டை போட்டார்கள். கடைசியில் அவள் படிக்க, அவன் பக்கம் திருப்ப என்று உடன்பாடு ஆனது.

புத்தகம் எங்கே கிடைக்கிறது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பொது நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் பகுதி இருக்கிறது, எல்லாக் கிளையிலும் ஒரே அளவு இருக்காது, தேடி வைத்துக்கொள்ளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். உரிமமும் தாராளம், அச்சிட்டுப் பின் அடித்துக் கூடையில் போடலாம். சிராங்கூன் சாலைக் கடைகளில் சிலது தேறும். மீதியெல்லாம் ஊருக்குப் போய் வருகிறவர்களின் பெட்டியில் வருவதுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் வகுப்பின் தேவை இதுதான்: காற்பந்து பற்றி எதுவானாலும், டைனசோர், எட்டு ஒன்பது வயதுக்கு ஏற்ற பேய்க்கதை. பேய்க்கதை எத்தனை இருந்தாலும் போதவில்லை. வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பேய் மன்னிப்புக் கேட்டால் வேண்டாம்.